முதல் பாட்டிலுக்கு முன் ஆறு குட்டி பாட்டில்: சிங்கிள் மால்ட் பழக வருகிறவர்களுக்கு

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். யாரோ சொன்ன ஒரு பெயர், டப்பாவில் பெரிய எழுத்தில் ஒரு வயது, கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதில் விலை கூடியது. இவற்றைப் பார்த்து நேராக முழு பாட்டிலை வாங்கிவிடுகிறார்கள். 700 மி.லி. பாட்டிலில் 25 மி.லி. கணக்கில் 28 பெக் இருக்கிறது. முதல் பெக்கிலேயே ஆஸ்பத்திரி வாசம் அடித்துப் பிடிக்காமல் போனால், மீதி 27 பெக்கையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் இங்கே பாட்டில் வாங்குவது பின்னால்தான் வரும். முதலில் சின்ன அளவில், இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் தனியாகக் குடிக்கும்போது ‘நல்லா இருக்கு’ என்பதற்கு மேல் புதியவர்களுக்குச் சொல்ல வராது. இரண்டை மாற்றி மாற்றிக் குடிக்கும்போது வித்தியாசம் தானாகவே தெரியும்.

எது சிங்கிள் மால்ட்

ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஐந்து வகைகளைச் சொல்கின்றன. அதில் சிங்கிள் மால்ட் என்பது ஒரே டிஸ்டில்லரியில் (காய்ச்சும் ஆலையில்), தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஈஸ்ட் ஆகியவற்றை மட்டும் வைத்து, பாட் ஸ்டில் எனப்படும் செம்புக் கொப்பரையில் தவணை தவணையாகக் காய்ச்சியது. 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்துக்குள்ளேயே, குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அடைப்பதும் ஸ்காட்லாந்திலேயே நடக்க வேண்டும். வெளியிலிருந்து சேர்க்க அனுமதி உள்ளவை இரண்டுதான்: தண்ணீர், நிறத்துக்குக் கேரமல்.

‘சிங்கிள்’ என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே டிஸ்டில்லரி என்பதுதான் பொருள். அந்த டிஸ்டில்லரியின் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் கலந்திருக்கலாம். ‘பிளெண்டட் மால்ட்’ என்பது வேறு: பல டிஸ்டில்லரிகளின் மால்ட் விஸ்கிகளைக் கலந்தது. மங்கி ஷோல்டர் என்ற பிராண்ட் அந்த வகை. அது மட்டம் என்று அர்த்தமில்லை, சிங்கிள் மால்ட் இல்லை, அவ்வளவுதான். லேபிளில் ‘மால்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவுக்கு வராமல், அதற்கு முந்தைய சொல்லையும் படியுங்கள்.

ருசி எங்கிருந்து வருகிறது

முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும்போது பீட் எரித்த புகையைக் காட்டினால் அதில் புகைவாசம் ஏறும். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி இறுகியதுதான் பீட். இந்தப் புகையின் அளவை ஃபீனால் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்வார்கள். ஆர்ட்பெக் டிஸ்டில்லரிக்குச் சுமார் 55, லகாவுலினுக்குச் சுமார் 35. இது பார்லியில் அளந்த எண், கிளாஸில் அளந்ததல்ல. காய்ச்சும்போதும் பீப்பாயிலும் பெரும்பகுதி போய்விடும். அதனால் எண் இரண்டு மடங்கு என்றால் புகையும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள்.

பேரிக்காய், அன்னாசி, வாழைப்பழம் போன்ற பழவாசம் நொதிக்கும்போது உண்டாகிறது. இரண்டு நாளில் நொதித்தலை முடிக்கும் இடங்களில் தானிய வாசம் தூக்கலாக இருக்கும். மூன்று, நான்கு நாள் விடுகிற இடங்களில் பழவாசம் கூடும். கொப்பரையின் உயரமும் கணக்கில் வரும். ஸ்காட்லாந்திலேயே உயரமான கொப்பரைகள் கிளென்மோரன்ஜியில் இருக்கின்றன. கனமான ஆவி மேலே ஏற முடியாமல் திரும்பி விழுவதால் அங்கே வருவது மென்மையானது. மெக்காலனின் கொப்பரைகள் குட்டையானவை. அங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு கனமாக வரும்.

ஆனால் கடைசியில் கிளாஸில் நீங்கள் உணர்வதில் பெரும்பங்கு பீப்பாய் கொடுத்தது. அமெரிக்காவில் போர்பன் என்ற விஸ்கி வைத்திருந்த சுமார் 200 லிட்டர் பீப்பாய் வெனிலா, தேங்காய், தேன் பக்கம் இழுக்கும். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய 500 லிட்டர் பீப்பாய் திராட்சை, அத்தி, ஆரஞ்சுத் தோல், மசாலா பக்கம் இழுக்கும். புதியவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஊர், வயது எல்லாம் பிறகு.

ஊர்ப் பிரிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேஸைட், ஐலா, காம்ப்பெல்டவுன் என்று சட்டப்படி ஐந்து பெயர்கள் உண்டு. ஐலா என்றால் புகை, ஸ்பேஸைட் என்றால் பழம் என்பது தோராயமான வழக்கு. ஐலாவிலேயே புன்னஹாவனின் 12 வயது பாட்டிலில் புகையைத் தேட வேண்டியிருக்கும். ஸ்பேஸைடில் பென்ரோமாக் லேசான புகையோடு வருகிறது. வரைபடத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

படி 1: கையில் இருக்க வேண்டியவை

வாய் குறுகி வயிறு அகன்ற சின்ன கிளாஸ் இரண்டு வேண்டும். 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ்தான் இப்போது எல்லா இடத்திலும் புழங்குகிறது. அது கிடைக்காவிட்டால் ஷெர்ரி குடிக்கும் சின்ன கோப்பையோ, சின்ன ஒயின் கிளாஸோ போதும். அகல வாய் டம்ளரில் வாசம் மேலே கூடாமல் கலைந்துவிடும். ஐஸ் போட்டு ஆற அமரக் குடிக்க அது நல்லது, பழகுவதற்கு உதவாது. கிளாஸைப் பாத்திரத் துணியால் துடைக்காதீர்கள். துணியில் ஒட்டியிருக்கும் சோப்பு வாசம்தான் முதலில் மூக்கில் ஏறும். வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. தண்ணீரைக் கண்ணளவில் விடுவது முதலில் சரிவராது. குளோரின் வாசமில்லாத, உப்பில்லாத சாதாரணத் தண்ணீர். கிளாஸை மூட ஒரு தட்டை மூடி. ஒரு நோட்டு.

படி 2: மூன்று ஜோடிகள்

50 மி.லி. குட்டி பாட்டில்களும், கடைகள் சின்ன குப்பியில் பிரித்து விற்கும் 30 மி.லி. சாம்பிள்களும் இதற்குத்தான் இருக்கின்றன. மி.லி. கணக்குப் பார்த்தால் முழு பாட்டிலைவிட விலை அதிகம்தான். ஆனால் பிடிக்காத ஒரு முழு பாட்டிலின் காசை அவை மிச்சப்படுத்தும். கீழே சொன்னவை எல்லாம் குட்டி பாட்டிலில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சாம்பிளாகவோ, நாலு பேர் பங்கு போட்டோ, பாரில் ஒரு பெக் வாங்கியோ பார்க்கலாம்.

முதல் ஜோடி பீப்பாய்க்கு. கிளென்மோரன்ஜி ஒரிஜினல் ஒரு பக்கம், கிளென்ஃபார்க்லஸ் 10 (பெயருக்குப் பின் வரும் எண் வயது) மறு பக்கம். இரண்டும் 40 சதவீதம், இரண்டிலும் புகை இல்லை. முன்னது போர்பன் பீப்பாய், பின்னது ஷெர்ரி பீப்பாய். வெனிலாவும் ஆரஞ்சும் ஒன்றில், உலர்ந்த திராட்சை இன்னொன்றில். இந்த ஒரு ஜோடியிலேயே உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது ஜோடி புகைக்கு. மல் தீவிலுள்ள டோபர்மோரி டிஸ்டில்லரி புகை இல்லாத பார்லியில் டோபர்மோரி என்றும், புகை ஏறிய பார்லியில் லெட்சிக் என்றும் இரண்டு விஸ்கிகளைக் காய்ச்சுகிறது. டோபர்மோரி 12, லெட்சிக் 10 இரண்டும் 46.3 சதவீதம். ஒரே கொப்பரைகள் என்பதால் நடுவிலிருக்கும் பெரிய வித்தியாசம் புகைதான். எப்போதும் புகை இல்லாததை முதலில் குடியுங்கள். மாற்றிக் குடித்தால் பின்னால் வருவது தண்ணீராகத் தெரியும்.

மூன்றாவது ஜோடி வீரியத்துக்கு. லஃப்ராய்க் 10 சாதாரணம், லஃப்ராய்க் 10 காஸ்க் ஸ்ட்ரென்த். முன்னது பிரிட்டனில் 40 சதவீதம். பின்னது பீப்பாயிலிருந்து வந்த வீரியத்தில் அப்படியே அடைத்தது, 60 சதவீதத்தை ஒட்டி வரும். பின்னதில் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து 40க்கு இறக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே வீரியத்துக்கு வந்த பிறகும் காஸ்க் ஸ்ட்ரென்த் கொஞ்சம் கனமாக, எண்ணெய்ப்பசையோடு நாக்கில் நிற்கும். ஏன் என்று லேபிள் பகுதியில் வருகிறது. லஃப்ராய்க்கை இரண்டாவது ஜோடிக்கு முன் தொடாதீர்கள். அயோடின், கட்டுத்துணி வாசம் அதன் குணம். பழக்கமில்லாத மூக்குக்கு அது கெட்டுப்போனதைப் போலத் தெரியும்.

ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். கிளாஸுக்கு 15 மி.லி. ஊற்றுங்கள். 46 சதவீதத்தில் இரண்டு கிளாஸ் சேர்த்து 13.8 மி.லி. சுத்த ஆல்கஹால். பிரிட்டனில் 10 மி.லி. சுத்த ஆல்கஹாலை ஒரு யூனிட் என்கிறார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று நாளாகவோ அதற்கு மேலாகவோ பிரித்துக் குடியுங்கள் என்பது அங்கே 2016 முதல் ஆண், பெண் இருவருக்கும் சொல்லப்படும் வரம்பு. 40 சதவீத 700 மி.லி. பாட்டில் ஒன்றில் 28 யூனிட் இருக்கிறது. உடம்பு ஒருபுறம் இருக்கட்டும், மூன்றாவது கிளாஸுக்கு மேல் மூக்கும் நாக்கும் வேலை செய்வதில்லை. நாலாவது கிளாஸில் எழுதிய குறிப்பை மறுநாள் படித்துப் பாருங்கள், தெரியும்.

படி 3: ஒரு கிளாஸை முழுதாகப் பார்ப்பது

ஊற்றி மூடி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மூடியை எடுத்ததும் மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள். ஒயினுக்குச் செய்வதுபோலச் சுழற்றி ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கைச் சுட்டு, அடுத்த சில நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. கிளாஸை முகவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி, சாதாரணமாக மூச்சு விடுங்கள். பிறகு மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். விளிம்பின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வாசம் தராது. இரண்டு இடத்திலும் முகருங்கள். ஒரு மூக்குத்துளையில் நன்றாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் தெரிவது எல்லாருக்கும் உள்ளது.

முதல் வாயை எண்ணாதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு மட்டும். அரை டீஸ்பூன் அளவு எடுத்து, நாக்கு முழுக்கப் பரப்பி, பத்து விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். எரியும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது வாய். ருசி பார்ப்பது இங்கிருந்துதான். முதலில் வருவது என்ன, நடுவில் என்ன, விழுங்கிய பிறகு வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மூன்றாகப் பிரித்துக் கவனியுங்கள். மலிவான பல விஸ்கிகள் முதலில் நன்றாகத்தான் தொடங்கும். விழுங்கியதும் காணாமல் போகும், அல்லது கசப்பாக முடியும்.

அடுத்தது தண்ணீர். ராவாகக் குடிப்பதுதான் முறை என்று வீராப்பு பேசுகிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். பீப்பாய்களைத் தேர்ந்து கலக்கும் பிளெண்டர்களே தண்ணீர் கலந்து 20 சதவீதத்தை ஒட்டி இறக்கித்தான் பீப்பாய்களை முகர்ந்து பார்க்கிறார்கள். ஆல்கஹால் இறங்கும்போது அடங்கிக் கிடந்த வாசங்கள் மேற்பரப்புக்கு வரும். புகைவாசம் தரும் குவயகால் என்ற மூலக்கூறு நீர்த்த விஸ்கியில் மேற்பரப்பை ஒட்டி அதிகம் சேர்வதை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரியில் காட்டினார்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கணக்கு எளிது. இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, கிளாஸில் உள்ள அளவால் பெருக்குங்கள். 15 மி.லி., 60 சதவீதம், 45க்கு இறக்க வேண்டும் என்றால் 5 மி.லி. தண்ணீர். அதே 15 மி.லி. 46 சதவீதமாக இருந்து 40க்கு இறக்க வேண்டும் என்றால் இரண்டேகால் மி.லி. போதும். ஒரே தடவையில் விடாமல் ஒவ்வொரு மி.லி.யாக விட்டு, நடுவே முகர்ந்துகொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் ருசி தட்டையாகிவிடும்; அதற்கு முந்தைய இடம்தான் அந்த விஸ்கிக்கு உங்கள் அளவு. நோட்டில் எழுதிவையுங்கள். 40 சதவீதத்தில் அடைத்தவற்றுக்குச் சில துளிகளுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ஏற்கெனவே தண்ணீர் சேர்த்துத்தான் அடைத்திருக்கிறார்கள்.

நோட்டில் பெரிய வர்ணனை வேண்டாம். தேதி, பெயர், சதவீதம், பாட்டில் எவ்வளவு காலி, எத்தனை மி.லி. தண்ணீர், மூன்று நான்கு சொற்கள், ‘மறுபடி வாங்குவேனா’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை. பாட்டிலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ருசிக் குறிப்பைக் குடித்து முடித்த பிறகு படியுங்கள். முன்னால் படித்தால் அதில் சொன்னதெல்லாம் உங்களுக்கும் வந்துவிடும்.

எது கெடுக்கும்

காரமான சாப்பாடு, காபி, பற்பசை ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது விடுங்கள். சென்ட் போட்ட கை, ஊதுபத்தி எரியும் அறை, சளி பிடித்த மூக்கு எதுவும் ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்த விஸ்கி வாசத்தைக் காட்டாது. ஐஸும் அதையேதான் செய்கிறது. ஐஸோ தண்ணீரோ விட்டதும் சில விஸ்கி மங்கிக் கலங்கும். அது போலி என்று பயப்பட வேண்டாம். குளிரில் வடிகட்டாமல் அடைத்ததன் அடையாளம் அது.

தீக்குச்சி உரசிய வாசமோ ரப்பர் வாசமோ வந்தால், அது கந்தகம். ஷெர்ரி பீப்பாயில் வந்தவற்றில் சில சமயம் இருக்கும். பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் விட்டால் பெரும்பாலும் குறையும், சிலவற்றில் கடைசிவரை போகாது. நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை வாசம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. அது காற்றாடினாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாதி குடித்த பிறகு கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள்.

படி 4: லேபிளைப் படிப்பது

முதலில் சதவீதத்தைப் பாருங்கள், வயதை அல்ல. 46 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குக் கீழே இறக்கினால் விஸ்கியில் உள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் குளிரில் திரண்டு கலங்கலாகத் தெரியும். பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக, பல கம்பெனிகள் பூஜ்யம் டிகிரிப் பக்கம் குளிரவைத்து அவற்றை வடிகட்டிவிடுகின்றன. இதுதான் சில் ஃபில்டரிங். வடிகட்டும்போது வாயில் நிற்கும் அந்த எண்ணெய்ப்பசையும் கொஞ்சம் போகிறது. மூன்றாவது ஜோடியில் கண்ட வித்தியாசத்துக்கு இது ஒரு காரணம். ‘நான் சில் ஃபில்டர்ட்’ என்று அச்சிட்டு, 46 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. ஆர்ட்பெக் 10, ஸ்ப்ரிங்பேங்க் 10, ஆரன் 10 மூன்றும் 46. புன்னஹாவன் 12, டீன்ஸ்டன் 12 இரண்டும் 46.3. இதற்காக 43 சதவீத லகாவுலின் 16ஐ ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல விஸ்கி நல்ல விஸ்கிதான். சந்தேகம் வரும்போது சாய வேண்டிய பக்கத்தை இந்த எண் காட்டும், அவ்வளவே.

வயது என்பது பாட்டிலுக்குள் இருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயது. 12 என்றால் அதில் 15 வயதும் இருக்கலாம், 11 இருக்க முடியாது. பாட்டிலில் அடைத்த நாளோடு வயது நின்றுவிடும். வீட்டில் பத்து வருடம் வைத்தால் 12 வயது 22 ஆகாது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. வயது ஏற ஏற விலை ஏறுவதற்கு அதுவும், அத்தனை ஆண்டு முடங்கிக் கிடக்கும் முதலும் காரணம். ருசியும் அதே வேகத்தில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோர்ந்த பழைய பீப்பாயில் 18 ஆண்டு கிடந்ததைவிட, நல்ல பீப்பாயில் 10 ஆண்டு இருந்தது தேவலை. வயதே போடாதவையும் உண்டு: ஆர்ட்பெக் உகடால் 54.2 சதவீதம், லஃப்ராய்க் குவார்ட்டர் காஸ்க் 48 சதவீதம். இவை இளைய விஸ்கி கலந்தவை, ஆனாலும் வாங்கத் தகுந்தவை. வயதும் இல்லை, 40 சதவீதம், பீப்பாய் பற்றியும் பேச்சில்லை, டப்பா மட்டும் ஜொலிக்கிறது என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, ஸ்காட்லாந்து லேபிளில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜெர்மனியில் சொல்லியாக வேண்டும். அதனால் ஒரு விஸ்கியின் நிறம் இயற்கையா என்று தெரிய, ஜெர்மன் கடைத் தளங்களில் அதே பாட்டிலின் விவரத்தைப் பார்ப்பது இந்தப் பழக்கம் உள்ளவர்கள் பலரும் செய்யும் வேலை. ‘நேச்சுரல் கலர்’ என்று லேபிளிலேயே போட்டிருந்தால் தேட வேண்டியதில்லை.

‘ஃபினிஷ்’ என்றால் கடைசிக் காலத்தை வேறொரு பீப்பாயில் கழித்தது. எத்தனை மாதம் என்று சட்டம் சொல்லவில்லை. பால்வெனி டபுள்வுட் 12 ஷெர்ரி பீப்பாயில் ஒன்பது மாதம் இருந்ததாகக் கம்பெனி சொல்கிறது. எல்லாரும் இப்படிச் சொல்வதில்லை. ‘ஃபர்ஸ்ட் ஃபில்’ என்றால் போர்பனோ ஷெர்ரியோ காலியான பிறகு முதல் முறையாக ஸ்காட்ச் ஏற்றிய பீப்பாய், ருசி அழுத்தமாக வரும். ‘ஸ்மால் பேட்ச்’, ‘ரிசர்வ்’, ‘ஹேண்ட்கிராஃப்டட்’ ஆகியவற்றுக்குச் சட்டத்தில் பொருளே கிடையாது.

டிஸ்டில்லரி அல்லாத கம்பெனிகள் பீப்பாயாக வாங்கித் தங்கள் பெயரில் அடைத்து விற்பதும் உண்டு. 1842இல் தொடங்கிய காடென்ஹெட், எல்ஜின் ஊரின் கார்டன் அண்ட் மெக்பேல், சிக்னடரி, எடின்பரோவின் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி ஆகியவை பெயர் பெற்றவை. இவர்களுடைய சிங்கிள் காஸ்க் (ஒரே பீப்பாய்) லேபிளில் காய்ச்சிய ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பாய் வகை, எத்தனை பாட்டில் என்று பெரும்பாலும் எல்லாம் இருக்கும். விஷயம் தெரிந்தவருக்குப் பொக்கிஷம். புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒரு பீப்பாயில் வந்தது தீர்ந்தால் மறுபடி கிடைக்காது. டிஸ்டில்லரியின் வழக்கமான ருசி தெரிவதற்கு முன் இதில் இறங்கினால், எது டிஸ்டில்லரி எது பீப்பாய் என்று பிடிபடாது.

படி 5: முழு பாட்டில்

மூன்று ஜோடி முடிந்து, நோட்டில் ‘ஆம்’ விழுந்தவற்றில் ஒன்றை வாங்குங்கள். அதே ருசியில் இரண்டாவது வேண்டாம். திறந்த பாட்டில் மூன்று இருந்தால் போதும்: புகை இல்லாத போர்பன் வகை, ஷெர்ரி வகை, புகை வகை. ஒன்று தீர்ந்த பிறகே அடுத்தது. பிரிட்டனில் 10, 12 வயதுப் பாட்டில்கள் பெரும்பாலும் 35 முதல் 55 பவுண்டுக்குள் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட் தள்ளுபடியில் இன்னும் இறங்கும். பழகும் காலத்தில் இதற்கு மேல் போவதற்குக் காரணமே இல்லை. ‘லிமிட்டெட் எடிஷன்’ என்ற சொல்லும் ‘இன்னும் இரண்டே பாட்டில்’ என்ற பேச்சும்தான் பலருடைய அலமாரியைத் திறக்காத பாட்டிலால் நிரப்பியிருக்கின்றன.

ஏலத் தளங்களில் ஏலம் முடிந்த விலையைப் பார்த்து மலிவு என்று நினைக்காதீர்கள். வாங்குபவர் கட்டணம், அதன் மேல் வரி, பார்சல் செலவு, நாடு தாண்டினால் சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு உச்ச விலையை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் விஸ்கி மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் கார்க் வழியாக ஆவியாகியிருக்கிறது. பழைய, அரிய பாட்டிலென்றால் போலி பயமும் சேரும். 2018இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று 55 அரிய பாட்டில்களைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்ததில் 21 பாட்டில்கள் போலி அல்லது சொன்ன ஆண்டில் காய்ச்சாதவை என்று தெரிந்தது. விலை உயர்ந்த காலி பாட்டிலை எறியும்போது லேபிளைக் கீறிவிடுங்கள். காலி பாட்டிலையும் காசு கொடுத்து வாங்கி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘பீப்பாயில் முதலீடு செய்யுங்கள், இத்தனை சதவீத லாபம்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற வழக்குகள் உண்டு. இது பொழுதுபோக்கின் எல்லைக்கு வெளியே உள்ள வியாபாரம்.

படி 6: பாதுகாத்தல்

பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்து உதிர்த்துவிடும். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத அலமாரி போதும். திறக்காத பாட்டில் பல பத்தாண்டு தாங்கும். திறந்தது முக்கால் பாட்டில் இருக்கும்வரை ஒரு வருடம் கவலையில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் காற்று வாசத்தைத் தின்னத் தொடங்கும். ஷெர்ரி வகையைவிடப் புகைவகையில் இது சீக்கிரம் தெரியும். மாதங்களுக்கு வைத்திருக்கும் எண்ணமிருந்தால் சின்ன கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை ஊற்றி மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.

பல மாதம் தொடாத பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு முறை சாய்த்துக் கார்க்கை நனைத்து, பிறகு நிமிர்த்தி, மூடியைத் திருகிக்கொண்டே மேலே இழுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த கார்க் பாதியில் ஒடியும். ஒடிந்தால் பதற்றம் வேண்டாம். ஒயின் திருகாணியால் மீதியை எடுக்கப் பாருங்கள். உள்ளே விழுந்துவிட்டால் நுண்ணிய வடிகட்டியில் வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றுங்கள். காலியான பாட்டில்களின் நல்ல கார்க்குகளை எறியாமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஸ்காட்லாந்துக்கே போவதாக இருந்தால்

டிஸ்டில்லரி சுற்றுலாவை முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஏப்ரல் கடைசியை ஒட்டி ஸ்பேஸைட் திருவிழா, மே கடைசியில் ஐலாவின் ஃபெஷ் ஈலா திருவிழா. அந்த வாரங்களில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். ஐலாவுக்குக் கென்னக்ரெய்க் துறையிலிருந்து படகு போகிறது. போர்ட் எலனில் இறங்கினால் லஃப்ராய்க், லகாவுலின், ஆர்ட்பெக் மூன்றுக்கும் சாலையோரமாகவே ஒரு நடைபாதை உண்டு, மொத்தம் சுமார் ஐந்து கிலோமீட்டர். கார் வேண்டியதில்லை.

கார் ஓட்டுவதாக இருந்தால் அங்கே குடிக்கவே வேண்டாம். 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தின் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி.; இங்கிலாந்தின் 80ஐவிடக் குறைவு. ஓட்டுநர் என்று சொன்னால் உங்கள் பங்கைச் சின்ன குப்பியில் அடைத்துக் கொடுத்துவிடுவார்கள், அறைக்குப் போய்க் குடிக்கலாம். கடைகளில் காலை 10 முதல் இரவு 10 வரைதான் மது விற்கலாம்.

சில டிஸ்டில்லரிகளில் பீப்பாயிலிருந்து நீங்களே நிரப்பிக்கொள்ளும் பாட்டில் உண்டு. வேறெங்கும் கிடைக்காது என்பதற்காகவே வாங்கிவிடாமல், நிரப்புவதற்கு முன் ஒரு சொட்டு கேட்டுக் குடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள். கையால் அடைத்த கார்க் பயணத்தில் கசியும் என்பதால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள். விமானத்தில் பதிவுப் பெட்டியில் 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மது ஒருவருக்கு 5 லிட்டர், கடையில் முத்திரையிட்டபடி இருந்தால்தான் ஏற்பார்கள். இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இரண்டையும் பார்த்துவிட்டு எத்தனை பாட்டில் என்று முடிவு செய்யுங்கள்.